நாற்பத்துமூன்று துண்டுகள்

மடுத்தீன் வீட்டில் அரசாங்கக் கடிதத்தை வந்த கையோடு உடைக்கும் பழக்கம் இல்லை. குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் இரண்டு மூன்று நாள் கிடக்கவிட்டு, அதன் கோபம் ஆறட்டும் என்று காத்திருப்பார்கள். பாரிசுக்கு வெளியே சார்செல்லில் பதினோராம் மாடியில் இருந்த அந்த வீட்டுக்கு, இருபத்தாறு வருஷத்தில் நல்ல செய்தி கொண்டுவந்த கடிதங்கள் இரண்டே இரண்டு. ஒன்று விசா கிடைத்த கடிதம். மற்றது பக்கத்து வீட்டுக்காரருடையது, விலாசம் மாறி வந்தது.

இந்தக் கடிதத்தில் மூன்று முத்திரைகள் இருந்ததால் நாலாம் நாள்தான் உடைத்தார்கள். மகள் நிருபா பிரெஞ்சில் வாசித்து, பிரெஞ்சிலேயே சிரித்துவிட்டு, தகப்பனுக்காகத் தமிழுக்கு இறங்கினாள்.

“அப்பா, உங்களுக்கு ஒரு விருது தரப்போகினமாம்.”

“ஆர் தரப்போகினம்?”

“பொலிசும் சேர்ந்துதான்.”

மடுத்தீன் கதிரையைத் தேடி உட்கார்ந்தார்.

விஷயம் விளங்க வேண்டுமென்றால் விருது தரும் பேரவையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பாரிசில் தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பலில் கறுத்த ஆள் நடந்தால் பொலிஸ் மறிக்கும். அங்கே முருங்கைக்காய் விற்பவர் முதல் காய்ச்சல் மருந்து வாங்க வருகிறவர் வரை எல்லாருக்கும் தெரிந்த சங்கதி இது. போன வருஷம் தொலைக்காட்சிக்கும் தெரிந்துவிட்டது. நிறம் பார்த்து மறிக்கிறார்கள் என்று ஒரு கட்சி, மறிக்காவிட்டால் நாடு என்ன ஆவது என்று ஒரு கட்சி, பொலிசுக்குத் துப்பாக்கி எதற்கு என்று ஒரு கட்சி, எனக்கும் ஒன்று தாருங்கள் என்று ஒரு கட்சி. கூச்சல் அளவு மிஞ்சியதும் மேலிடத்தில் இருந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். பரஸ்பர நம்பிக்கைப் பேரவை என்று ஒன்றை அமைத்து, அதற்குப் பதினேழு உபகுழுக்களும் ஒரு கோப்பி மெசினும் கொடுத்தார்கள்.

பேரவைக்கு முதல் நாளே தலையிடி. ஒருவருடைய நிறத்தை எந்தப் பதிவிலும் எழுதக்கூடாது. குடியரசு நிறம் பார்ப்பதில்லை; ஆகவே யாரை நிறம் பார்த்து மறித்தார்கள் என்று குடியரசுக்குத் தெரிய வழியில்லை. நிபுணர்கள் மூன்று மாதம் மண்டையை உடைத்து, கடைசியில் மேலங்கியின் நிறத்தைக் குறித்துக்கொள்வது என்று முடிவெடுத்தார்கள். கறுப்பு மேலங்கிக்காரர்களும் பிளாஸ்டிக் பை தூக்குகிறவர்களும்தான் அதிகம் மறிக்கப்படுகிறார்கள் என்று முந்நூறு பக்கத்தில் அறிக்கை வந்தது. பொதுமக்கள் வெளிர்நிற ஆடை அணிந்து துணிப்பை பாவித்தால் பிரச்சினை பெருமளவு குறையும் என்று அதன் கடைசிப் பக்கம் சொன்னது.

அதற்குப் பிறகுதான் துண்டு வந்தது. இனி மறிக்கப்படும் ஒவ்வொருவருக்கும் பொலிஸ் ஒரு துண்டுச்சீட்டு கொடுக்கவேண்டும். அதில் பெயர், திகதி, மறித்த காரணம், நடந்த விபரம். அடியில் இரண்டு சின்னப் பெட்டிகள்: முறைப்பாடு உண்டு, முறைப்பாடு இல்லை. ஆறு மாதம் பரீட்சார்த்தமாக நடத்தி எண்ணிப் பார்த்ததில் லா சப்பலிலேயே அதிகம் மறிக்கப்பட்டவர் திரு. மடுத்தீன் என்று தெரிந்தது. நாற்பத்துமூன்று தரம். அவர் போட்ட முறைப்பாடுகள் பூச்சியம். ஆகவே அவரை ‘நம்பிக்கைக்குரிய குடிமகன்’ என்று பேரவை தெரிவுசெய்திருக்கிறது. அவர் ஏற்கெனவே கொடுத்திருக்கும் பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்கு ஒரு சிபாரிசுக் கடிதமும் கிடைக்கும்.

இதில் ஒரேயொரு சின்னச் சிக்கல். மடுத்தீனைப் பொலிஸ் கடைசியாக மறித்து ஆறு வருஷமாகிறது.

மறிக்கப்பட்டவன் நிஷாந்தன். வன்னியிலிருந்து வந்த முப்பது வயதுப் பொடியன். அகதி விண்ணப்பம் இரண்டு தரம் நிராகரிக்கப்பட்டு, வதிவிட அனுமதி அட்டையான காட் இல்லாமல் நின்றவன். மடுத்தீனோ லா சப்பலில் ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவிக் கழுவி முதுகு போய், நாரியைப் பிடித்துக்கொண்டு வீட்டில் இருந்தவர். பிரஜாவுரிமைக்குச் சம்பளச் சீட்டு மாதாமாதம் விடாமல் வேண்டும். ஒருவருக்குப் பெயர் இருந்தது, முதுகு இல்லை. மற்றவனுக்கு முதுகு இருந்தது, பெயர் இல்லை. காட் கைமாறியது. நிஷாந்தன் மடுத்தீன் என்ற பெயரில் கோப்பை கழுவினான். சீட்டுகள் சார்செல்லுக்கு வந்து கோப்பில் ஏறின. முதலாளிக்கு இது தெரியும். தெரியாது என்பது முதலாளியின் நிலைப்பாடு. ஊர்ச்சனத்துக்கு இதொன்றும் புதினமும் இல்லை, பிறர் காட்டில் வேலை செய்யாமல் பாரிசில் காலூன்றியவர்களை எண்ண ஒரு கை விரல் போதும்.

காட்டில் இருந்த படம் பத்து வருஷத்துக்கு முந்தியது. நாற்பத்துநாலு வயது, உருண்டை முகம், கட்டை மீசை. நிஷாந்தன் ஒட்டின கன்னமும் நீட்டுக் கழுத்துமாக இருப்பவன். “மீசையை மட்டும் வளர். அவங்கள் அதுக்கு மேலை பாக்கமாட்டாங்கள்” என்று மடுத்தீன்தான் புத்தி சொல்லிக் கொடுத்தார். அவர் வாழ்க்கையில் சொன்ன புத்திகளில் நாற்பத்துமூன்று தரம் பலித்தது அது ஒன்றுதான்.

கடிதத்தை வாசித்த அன்றே அவர் போன் எடுத்தார்.

“உன்னை எத்தினை தரமடா மறிச்சவங்கள்?”

“நான் எண்ணேல்லை அண்ணை.”

“நாப்பத்துமூண்டாம்.”

“அவங்களாவது எண்ணியிருக்கிறாங்கள்.”

“ஏன் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை?”

“சொல்லி என்ன செய்யிறது? உங்கடை பேருக்கு ஒரு குறையும் வராமல் பாத்தனான்.”

மடுத்தீன், சனிக்கிழமை விழாவுக்குப் போகாமல் விட்டுவிடவா என்று கேட்டார். போகாவிட்டால் தேடி வருவார்கள், போய் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றான் நிஷாந்தன். அன்று பகல் நாலு மணிவரை தனக்கு வேலை, காட் தன்னிடம்தான் இருக்கும், மூன்று முத்திரைக் கடிதத்தைக் காட்டினால் உள்ளே விடுவார்கள் என்றும் சொன்னான்.

இதோடு போயிருந்தால் மடுத்தீன் நித்திரை கொண்டிருப்பார். ஆனால் ஒரு காரியம் இருந்தது. ஐப்பசியில் ஒருநாள் மரவள்ளி வாங்க லா சப்பலுக்குப் போயிருந்தார். மெத்ரோப் பாலத்துக்குக் கீழே நிஷாந்தன் சுவரைப் பார்த்தபடி முழங்காலில் நின்றான், கையிரண்டும் தலைக்குப் பின்னால். மடுத்தீன் நடையை மெதுவாக்கினார். அதுதான் பிழையாகப் போயிற்று. பொலிஸ்காரன் ஒருவன் அவரைக் கூப்பிட்டு, இந்த ஆளை உனக்குத் தெரியுமா என்று கேட்டான். தெரியாது என்றார். பிறகு பாலத்துக்கு எதிரே இருந்த கடைக்குப் போய், வாசலில் நின்று முறித்துப் பார்த்து, நல்ல மரவள்ளியாக இரண்டு கிலோ கேட்டு வாங்கினார். பின்னேரம் அது வீட்டில் அவிந்து சம்பலோடு மேசைக்கு வந்தது. பல்லுக்கொதி, சாப்பிட ஏலாது என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

நிஷாந்தன் அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. கண்டிருக்கமாட்டான் என்று மடுத்தீன் தன்னைத் தேற்றிக்கொண்டார். அவன் முகம் சுவரைப் பார்த்துத்தானே இருந்தது. காதும் சுவரைப் பார்த்து இருந்ததா என்பதை அவர் யோசிக்க விரும்பவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ரூ பஜோல் தெருவுக்குக் கிட்ட ஒரு மண்டபத்தில் விழா. மண்டபத்துக்கு இரண்டு வாசல். ஒன்றில் ஆட்கள் தடையில்லாமல் போனார்கள். மற்றதில் நீண்ட வரிசை, அங்கே காட் பார்த்து, பை பார்த்து, சப்பாத்தும் கழற்றிப் பார்த்தார்கள். எந்த வாசலில் யார் நின்றார்கள் என்பதைக் குடியரசின் மீதுள்ள மரியாதையால் இங்கே எழுதாமல் விடுகிறேன். மடுத்தீன் யாரும் சொல்லாமலே நீண்ட வரிசையில் போய் நின்றார். அவருடைய முறை வந்ததும் முத்திரைகளைக் கண்டவர்கள் சல்யூட் அடித்து, கடிதத்தைப் பதிவுக்கென்று வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விட்டார்கள்.

உள்ளே மொழிபெயர்ப்புக்கு சீத்தாராமன் என்று ஒருவர் காத்திருந்தார். சென்னைக்காரர். பேரவையின் புள்ளிவிபரம் முழுக்க அவருடைய கைவேலை.

“வாங்க சார், வாங்க. ஆறு மாசமா உங்களை ஸ்கிரீன்ல மட்டும்தான் பார்த்திருக்கேன். எங்க கிராஃப்ல உச்சியில தனியா ஒரு புள்ளி இருக்கும் சார், அது நீங்கதான்.”

மடுத்தீன் தலையாட்டினார்.

“நாற்பத்துமூணு தடவை! ஒரு கம்ப்ளெய்ன்ட் இல்ல. எப்படி சார் முடியுது உங்களால?”

“எனக்கும் அதுதான் தம்பி தெரியேல்லை” என்றார் மடுத்தீன். அன்று முழுக்க அவர் சொன்ன ஒரே உண்மை அதுவாக இருக்கலாம்.

பேரவைத் தலைவர் முசியே மார்செல் மேடை ஏறினார். வெள்ளைத் தலைமுடி, நீல உடுப்பு, நல்ல குரல். முதலில் விவாதம். முன்வரிசையில் இருந்த மருந்துக்கடைக்கார அம்மா, தன் கடையில் ஒரு துப்பாக்கி வைத்திருக்க உரிமை வேண்டும் என்றார். பின்னால் இருந்த ஒரு வாத்தியார், பொலிசின் இடுப்பில் இருக்கும் துப்பாக்கியைக் கண்டால் பிள்ளைகள் பயப்படுகிறார்கள், அதைக் கழற்றுங்கள் என்றார். இரண்டு பக்கமும் சத்தம் கிளம்பியது. முசியே மார்செல் கை உயர்த்தினார்.

“இரண்டு கருத்துகளையும் எட்டாவது உபகுழு பதினான்கு அமர்வுகளில் ஆராய்ந்தது. துப்பாக்கி இருக்கும். ஆனால் வரும் தை மாதம் முதல் அதன் உறை இளநீல நிறத்தில் இருக்கும்.”

பாதி மண்டபம் கைதட்டியது. வாத்தியார் ஏதோ கேட்க வாயெடுத்தார். நிறத்தைப் பற்றிய கேள்விகளை எழுத்தில் அனுப்பும்படி அவருக்குச் சொல்லப்பட்டது.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு ஆபிரிக்கத் தாய் எழுந்தார். பள்ளிக்குப் போகும் என் மகனை வாரத்துக்கு மூன்று நாள் மறிக்கிறீர்கள், அவனுக்குப் பதினாறு வயது, அவன் இப்போது வீட்டுக்குள்ளேயே கிடக்கிறான், இது இனவாதமா இல்லையா என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

“அம்மா, அந்தச் சொல் நம்பிக்கையைக் குறைக்கிறது” என்றார் முசியே மார்செல். “நம்பிக்கை குறையும் இடத்தில் சோதனையைக் கூட்டவேண்டி வரும். உங்கள் மகனுக்காகத்தான் சொல்கிறேன். இதோ, இங்கே ஒருவர் இருக்கிறார். நாற்பத்துமூன்று தரம். ஒருநாளாவது இந்தக் கேள்வியை அவர் கேட்டாரா?”

அந்தத் தாய் திரும்பி மடுத்தீனைப் பார்த்தார். மடுத்தீன் தன் சப்பாத்தைப் பார்த்தார். ஒரு தாயின் வாயை அடைக்கத் தன்னைக் கதவாகச் சாத்துகிறார்கள் என்பது விளங்க அவருக்குப் பிரெஞ்சு அதிகம் தேவைப்படவில்லை. எழுந்து நின்று அது நானில்லை என்று சொன்னால் போதும். சொன்னால் நிஷாந்தனைப் பிளேனில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தார். அது மெய்தான். ஆனால் அந்த மெய் தனக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

பிறகு துண்டுகளை வாசித்தார்கள். வெளிப்படைத்தன்மைக்காக என்றார் முசியே மார்செல். சீத்தாராமன் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். ஏழாம் துண்டு: காரணம், வேகமாக நடந்தார். எட்டாம் துண்டு: காரணம், மெதுவாக நடந்தார். பத்தொன்பதாம் துண்டு: பையில் வெங்காயம் இருந்தது, வெங்காயங்கள் தனித்தனியாகப் பரிசோதிக்கப்பட்டன. மழை, நாற்பது நிமிடம். இருபத்தாறு: ‘எந்த ஊர்’ என்று கேட்டதற்குச் சார்செல் என்றார். மறுபடி கேட்கப்பட்டது. மறுபடியும் சார்செல் என்றார். கன்னத்தில் ஒரு தரம் தட்டி உற்சாகப்படுத்தப்பட்டார்.

“முப்பத்தொண்ணு” என்றார் சீத்தாராமன். “மெத்ரோ பாலத்துக்கு அடியில. சோதனை முடிஞ்சு விடுறதா இருந்தாங்க சார். அப்போ அதே சமூகத்தைச் சேர்ந்த ஒரு வழிப்போக்கர்கிட்ட, இவரைத் தெரியுமான்னு கேட்டிருக்காங்க. அவர் தெரியாதுன்னு சொல்லிட்டார். அதனால சந்தேகம் வந்து ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய் நாலு மணி நேரம் வெச்சிருக்காங்க.” வாசிப்பை நிறுத்தி அவர் மடுத்தீனைப் பரிவோடு பார்த்தார். “யார் சார் அந்த ஆள்? உங்க ஆளே இப்படிச் செய்யலாமா?”

மடுத்தீனுக்கு மண்டபத்தின் சத்தம் எல்லாம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. விடப்போனவர்களை விடாமல் பண்ணியது அவர். அந்த நாலு மணித்தியாலத்தில் அவர் மரவள்ளிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

முசியே மார்செல் முடிவுரைக்கு வந்திருந்தார்.

“எங்கள் அதிகாரிகள் நிறத்தைப் பார்ப்பதில்லை என்று சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். அவர்கள் மனிதனைப் பார்க்கிறார்கள். அவனுடைய முகத்தைப் பார்க்கிறார்கள். நாற்பத்துமூன்று தரம் இவருடைய முகத்தை அடையாள அட்டையோடு ஒப்பிட்டு, நாற்பத்துமூன்று தரமும் இது இவரேதான் என்று உறுதி செய்திருக்கிறார்கள். இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா?”

மண்டபம் எழுந்து நின்றது. கடைசி வரிசைத் தாய் மட்டும் இருந்தபடி இருந்தார். மடுத்தீனை மேடைக்கு ஏற்றி, கண்ணாடிப் பலகை ஒன்றைக் கையில் கொடுத்து, மைக்கை வாய்க்கு நேரே பிடித்தார்கள்.

அவருக்கு என்ன பிடித்ததோ, வாய் திறந்துவிட்டது.

“அது நானில்லை” என்றார் தமிழில். “நான் அங்கை இருக்கேல்லை.”

சீத்தாராமன் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு உருக்கமான பிரெஞ்சில், சோதனையின்போது ‘நான்’ என்ற எண்ணமே தன்னிடம் இருப்பதில்லை என்றும், தான் அங்கே இல்லாததுபோல அமைதியாக இருந்துவிடுவதாகவும் இவர் சொல்கிறார், இது கீழைத்தேயத்து ஞானம் என்றும் மொழிபெயர்த்தார். கைதட்டல் நிற்க இரண்டு நிமிடம் சென்றது. மருந்துக்கடை அம்மா கண் துடைத்தார். மடுத்தீனுக்கு அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததற்காகத் தன்னையே காறித் துப்ப வேண்டும்போலவும் இருந்தது.

மூன்றரைக்கு வெளியே வந்தார். பலகையைத் தமிழ்க்கடைப் பிளாஸ்டிக் பை ஒன்றில் போட்டு, மெத்ரோப் பாலத்தடியால் நடந்தார். கறுப்பு மேலங்கிதான் போட்டிருந்தார். அறிக்கையின் கடைசிப் பக்கத்தை அவர் வாசித்ததில்லை. பத்து அடி போகவில்லை, இரண்டு பேர் மறித்தார்கள்.

“காட்?”

காட் இல்லை. கடிதமும் இல்லை. மடுத்தீன் பையிலிருந்து பலகையை எடுத்து நீட்டினார். மூத்த பொலிஸ்காரன் பெயரை வாசித்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தான்.

“நீ மடுத்தீனா?”

“ஓம். வுய். நான்தான்.”

“முசியே மடுத்தீனை எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது தரம் நானே மறித்திருக்கிறேன். மெலிந்த ஆள், நீட்டுக் கழுத்து. உனக்கும் அவருக்கும் ஒரு பொருத்தமும் இல்லை. இதை எங்கே திருடினாய்?”

சுவரைப் பார்த்து முழங்காலில் நிற்கச் சொன்னார்கள். நின்றார். நாரியில் கத்தி இறங்கியதுபோல் வலித்தது. சுவரில் யாரோ பழைய விளம்பரம் ஒன்றைக் கிழித்திருந்தார்கள், பசை மட்டும் மஞ்சளாகக் கிடந்தது. முகம் சுவரைப் பார்த்திருக்கும்போது காது தெருப் பக்கம்தான் இருக்கும் என்பதை அவர் அப்போது கண்டுகொண்டார். போகிற சப்பாத்துகளின் சத்தம் கேட்டது. தமிழ்க் குரல்கள் கேட்டன. கிட்ட வந்ததும் அவை தணிந்து, தாண்டிப் போனதும் உயர்ந்தன. நாலு மணி ஆனது.

“ஆ, முசியே மடுத்தீன்” என்று பொலிஸ்காரன் யாரையோ அன்பாகக் கூப்பிட்டான். “வாழ்த்துகள். உங்கள் பரிசை ஒருவன் அடித்துக்கொண்டு போகப் பார்த்தான். பிடித்து வைத்திருக்கிறேன். இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா?”

சப்பாத்துச் சத்தம் ஒன்று நின்றது. சவர்க்காரமும் பழைய எண்ணெயும் மணத்தது. மடுத்தீன் கண்ணை மூடிக்கொண்டார்.

“தெரியும்” என்றது நிஷாந்தனின் குரல், முறிந்த பிரெஞ்சில். “என்னுடைய அண்ணன். வேலைக்குப் போகவேண்டியிருந்ததால் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி நான்தான் அவரிடம் கொடுத்தேன்.”

அவன் காட்டை நீட்டினான். பொலிஸ்காரன் படத்தைப் பார்த்து, அவனைப் பார்த்து, முழங்காலில் நின்றவரை எட்டிக்கூடப் பாராமல் திருப்பிக் கொடுத்தான். நாற்பத்துநாலாம் தரமும் முகம் உறுதிப்பட்டது. மடுத்தீனை எழுப்பிவிட்டு ஒரு துண்டு எழுதினார்கள். பெயர்: முசியே மடுத்தீனின் அண்ணன். காரணம்: பிளாஸ்டிக் பை. முறைப்பாடு இல்லை என்ற பெட்டியில் பொலிஸ்காரனே புள்ளடி போட்டுக் கொடுத்தான்.

இருவரும் கார் து நோர் ஸ்டேசன் பக்கமாக நடந்தார்கள். மடுத்தீன் ஒரு கையால் நாரியைப் பிடித்திருந்தார். நிஷாந்தன் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

“இது உன்ரை” என்று பலகையை நீட்டினார் மடுத்தீன்.

“வைச்சிருங்கோ அண்ணை. உங்கடை பேர்தானே கிடக்கு.”

“நான் திங்கட்கிழமை போய் உள்ளதைச் சொல்லப்போறன்.”

“சொன்னால் உங்களையோ பிளேனிலை ஏத்துவாங்கள்?”

பாவத்தைச் சொல்லித் தீர்க்கலாம் என்றுதான் மடுத்தீன் சின்ன வயதில் மாதா கோயிலில் படித்தார். சொன்னால் இன்னொருவன் தலையில் போய் விழும் பாவத்தை என்ன செய்வது என்று அங்கே ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஸ்டேசன் வாசலுக்குக் கிட்ட வந்துவிட்டார்கள். நிஷாந்தன் அவருடைய மேலங்கியில் முழங்கால் பக்கம் ஒட்டியிருந்த மண்ணைக் குனிந்து தட்டிவிட்டான். நிமிர்ந்து, முகத்தைப் பாராமல், சாதாரணமாகக் கேட்டான்.

“அண்டைக்கு வாங்கின மரவள்ளி அவிஞ்சுதோ, அண்ணை?”

உள்ளே ரெயின் அறிவிப்பு ஒன்று முழுதாகச் சொல்லி முடிந்தது.

“அவிஞ்சுது” என்றார் மடுத்தீன். “எனக்குத்தான் இறங்கேல்லை.”

நிஷாந்தன் அவருடைய முழங்கையை விடவில்லை.